பூட்டிய டீசல் தாங்கி

நான் ஓய்வு பெற்ற அன்று கம்பனி முற்றத்தில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். இப்போது வடக்கே ஓடுகிற இளம் சாரதிகள் சுற்றி நின்றார்கள். அவர்களில் எங்கள் தமிழ் ஆட்களும் உண்டு. அவர்களின் லொறியில் வெளியே எத்தனை பாகை குளிர் என்பதைக் கண்ணாடிக்குக் கீழே பச்சை எழுத்தில் காட்டும். டீசல் தாங்கிக்குள்ளேயே சூடாக்கும் கருவி இருக்கிறது. அவர்களில் ஒருவன் சொன்னான்: "அண்ணை, அந்தக் காலத்துக் குளிர் ஓட்டங்களைப் பற்றி எழுதித் தாங்கோ. நல்ல அனுபவமா இருந்திருக்கும்."

நல்ல அனுபவம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். அவன் மேல் கோபமில்லை. கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் அந்தக் கஷ்டத்தைப் பிற்காலத்தில் இனிப்பாக நினைக்கிறார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இதில் சாகசம் எதுவும் இல்லை.

நான் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோவுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். யாழ்ப்பாணத்தில் வெங்காய லொறி ஓடினவன். இங்கே வந்ததும் எல்லோரையும் போல ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் நிலம் துடைத்தேன், அவவின் நாயைக் குளிப்பாட்டினேன். பிறகு பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைத்தது. இத்தாலிய மொழியில் பரீட்சை எழுதி, இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் கனரக வாகன அனுமதி எடுத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழ ஏற்றுமதிக் கம்பனியில் சேர்ந்தேன். தோடம்பழமும் எலுமிச்சையும் ஏற்றிக்கொண்டு கப்பலில் ஜெனோவாவுக்குப் போய், அங்கிருந்து தரை வழியாக மலைப் பக்கம் ஏறுவது எங்கள் வேலை.

லொறியில் எனக்குச் சோடி மரியதாஸ் அண்ணை. மன்னார் ஆள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே படிக்கட்டில் அவர் மேல் வீடு, நான் கீழ் வீடு. சத்தம் போடாத மனுசன். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கப்பல் துறைமுகத்தை விட்டு விலகும்போது மேலே கோயில் இருக்கிற பெல்லெகிரினோ மலையைப் பார்த்து ஒரு சிலுவை போடுவார். அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான அலுவல் கொஸ்தூராவில், அதாவது பொலிஸ் அலுவலகத்தில், நடந்துகொண்டிருந்தது.

ஒரே லொறியை இரண்டு காலநிலையில் ஓடுவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஆவணியில் சிசிலியின் உட்பகுதியில் ஏற்றம் ஏறும்போது ராடியேற்றர் கொதிக்கும். ரயரில் கை வைத்தால் தோசைக்கல். அதே லொறியை மாசியில் ஜெனோவாவில் இறக்கி வடக்கே திருப்பினால் ஒவ்வொரு மணித்தியாலமும் இன்னொரு நாட்டுக்குள் போவது போல இருக்கும். தண்ணீரில் உறைதடுப்பு சரியாகக் கலந்திருக்க வேண்டும். காற்றுப் பிரேக்கின் உருளைகளில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் அடியில் படுத்துத் திறந்து விட வேண்டும். விடாவிட்டால் அந்தத் தண்ணீர் இரவில் ஐஸாகி அடைக்கும், காலையில் பிரேக் விடாது. நிறுத்தும்போது கைப் பிரேக் போடக்கூடாது, சில்லோடு ஒட்டிப் பிடித்துவிடும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. வடக்கே பொல்சானோப் பக்கத்துத் தரிப்பிடங்களில் வடக்கத்திச் சாரதிகள் செய்வதைப் பார்த்துப் பார்த்து நானும் அண்ணையும் பழகிக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி டீசல். டீசலில் மெழுகு இருக்கிறது. சூட்டில் அது கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. குளிர் கூடக் கூட அது வெள்ளையாகத் திரண்டு வடிகட்டியை அடைக்கும். எஞ்சினுக்குச் சாப்பாடு போகாது. அதனால் குளிர்ப் பிரதேசத்தில் மாரிக்கு வேறு டீசல் விற்பார்கள். அது இல்லாவிட்டால், குளிருக்குள் போவதற்கு முன்னாலேயே கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்க வேண்டும். திரண்ட பிறகு எதை ஊற்றியும் பயனில்லை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் டீசலும் பெற்றோலும் விடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். என் தம்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினான். அவனுக்கு வேறு எதுவும் இல்லாததால் மண்ணெண்ணெய். எனக்கு அதை ஊற்றவும் அனுமதி இல்லை.

ஏன் அனுமதி இல்லை என்றால், எங்கள் டீசல் தாங்கியின் மூடியில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. திறப்பு பத்ரோனேயிடம்.

பத்ரோனே என்றால் முதலாளி. நாங்கள் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோட்டைத் தோளில் போட்டபடி முற்றத்துக்கு வருவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பெட்டியிலிருந்து ஒரு மந்தரின் பழம் எடுத்து, தன் கையாலேயே தோல் உரித்து, சுளை சுளையாகப் பிரித்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார். "உன் அம்மா எப்படி, மகனே?" என்பார். இடப்பெயர்வில் அம்மா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தது அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். அப்படிக் கேட்கிற மனிதருக்கு எதையும் சொல்லத்தான் தோன்றும்.

முற்றத்தில் நிலத்துக்குக் கீழே பெரிய டீசல் தாங்கி இருந்தது. கோடை முடியும்போது அதை நிரப்புவார். மாரி முழுக்க அதிலிருந்துதான் எங்களுக்கு. லொறி புறப்படும் முன் தானே நின்று நிரப்புவார். ஒரு நீட்டுத் தடியை விட்டு அளவு பார்ப்பார், தடியைத் துணியால் துடைப்பார், மூடியைத் திருகுவார், பூட்டைக் கொளுவி அழுத்துவார், இழுத்துப் பார்ப்பார். போய்த் திரும்பி வரும் வரைக்கும் அது போதும். வழியில் நாங்கள் டீசலைக் களவாக விற்றுவிடுவோம் என்று அவருக்குச் சந்தேகம். சிசிலியச் சாரதிகளின் தாங்கிகளில் பூட்டு இல்லை. அவர்கள் ஒருதரம் வேலைநிறுத்தம் செய்து கழற்ற வைத்தார்களாம். நாங்கள் எதைக் காட்டி வேலைநிறுத்தம் செய்வது? எங்கள் பெர்மெசோ அவருடைய கையெழுத்தில் தொங்கியது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

மாசி மாதம். புஸ்தேரியாப் பக்கம் ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் இருந்த குடிபானத் தொழிற்சாலைக்கு எலுமிச்சை. முதல் நாள் ஜெனோவாவில் இறங்கி ஓடி, பொல்சானோ தாண்டிப் படுத்தோம். காலையில் மலையடிவாரத்துப் பெற்றோல் நிலையத்தில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். பம்புக்கு நின்ற ஆள் எங்கள் இலக்கத் தகட்டைப் பார்த்தார்.

"பலேர்மோ டீசலா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன், தலையை ஆட்டி.

"மேலே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு என்று வானொலியில் சொன்னார்கள். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ஏற மாட்டீர்கள்."

நான் பூட்டைக் காட்டினேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு முகம் சுட்டது. அங்கிருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து பத்ரோனேக்கு அடித்தேன். விசயத்தைச் சொன்னேன். பூட்டை உடைக்கலாமா என்று கேட்டேன்.

"மகனே," என்றார். "அந்த லொறி ஜேர்மன்காரன் செய்தது. குளிர் அதற்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். பம்புக்காரன் மண்ணெண்ணெய் விற்கப் பார்க்கிறான். பூட்டைத் தொடாதே. பழம் குளிரில் கிடக்கிறது, நேரத்தைப் போக்காமல் ஏறு." பிறகு கேட்டார்: "மரியதாஸின் குடும்பம் எப்போது வருகிறது?"

எந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நான் திரும்பி வந்து, சில்லுக் கழற்றும் கனத்த இரும்புத் திறப்பை எடுத்தேன். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் தம்பி. பூட்டை உடைச்சா வேலை போகும். வேலை போனா பெர்மெசோ போகும். பிள்ளையள் வாற நேரம்."

"ஏறாமல் நிண்டுதெண்டால்?"

"நிண்டா நிக்கட்டும். அது அவரின்ரை லொறி."

ஏறினோம். கிளைப் பாதையில் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் பனி கொட்டத் தொடங்கியது. முதலில், பின்னுக்கு இருந்து யாரோ கயிறு போட்டு இழுப்பது போல இருந்தது. மிதியைத் தரையோடு அழுத்தினாலும் இழுவை இல்லை. எஞ்சின் தணிந்து எழும்பி, தணிந்து எழும்பி, இரண்டு தரம் இருமி நின்றது. ஓரத்தில் ஒதுக்கிக் கட்டை கொடுத்தேன். பள்ளத்தாக்கில் ஒரு சத்தம் இல்லை.

வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே ஆறிய ஆட்டுக்கறிக் குழம்பில் மேலே படியுமே, அந்த வெள்ளைக் கொழுப்பு. புது வடிகட்டி ஒன்று கையில் இருந்தது, போட்டேன். சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்த தேநீரைக் குழாயில் ஊற்றினேன். கைப் பம்பை அடித்தேன். எஞ்சின் பிடித்தது, கொஞ்ச நேரம் ஓடியது, திரும்ப நின்றது. அதற்குப் பிறகு பிடிக்கவே இல்லை. சாரதிப் பெட்டியைச் சூடாக்குகிற அடுப்பும் அதே டீசலில்தான் எரியும். அதுவும் நின்றது. வெளியே வந்து சில்லுத் திறப்பால் பூட்டை அடித்தேன். அண்ணை இந்த முறை தடுக்கவில்லை. நல்ல தடித்த உருக்கு, அசையவில்லை. உடைந்திருந்தாலும் இனிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆத்திரத்தில் அடித்தேன்.

என் துணிக் கையுறை முழுக்க டீசல். அந்தக் குளிரில் டீசல் நனைந்த கை என்ன ஆகும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். விரல்கள் வெள்ளையாகி மரத்துப்போயின. கதவுப் பிடியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அண்ணை என் கைகளைத் தன் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தார். ஒரு வாகனமும் வரவில்லை. கீழே பாதை அடைபட்டது எங்களுக்குத் தெரியாது. மூச்சு கண்ணாடியில் ஐஸாகப் படிந்தது. நான் நித்திரை தூங்கி விழுந்தேன். அவர் கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினார்.

"நித்திரை கொள்ளாதை. நான் கீழை போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன். வரேக்கை ஒரு வீட்டுக் கூரை கண்டனான்."

"நான் வாறன்."

"உன்ரை கை சரியில்லை. விழுந்தா எழும்ப ஏலாது. இஞ்சை இரு." தன் போர்வையையும் என் மேல் போட்டார். தன் காலுறைச் சோடி ஒன்றை என் கைகளில் மாட்டிவிட்டார். பல்லரோச் சந்தையில் வாங்கின மெல்லிய தோல் சப்பாத்தோடு இறங்கிப் பனிக்குள் நடந்தார். கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். சீக்கிரமே தெரியாமல் போனார்.

பொழுது சாயும் முன் ஒரு உழவு இயந்திரம் ஏறி வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். மாட்டுப் பண்ணைக்காரி, ஜேர்மன் மொழி பேசுகிறவள், இத்தாலியன் கொஞ்சம்தான். தன்னுடைய மாட்டுக் கொட்டில் வாசலில் அண்ணை விழுந்து கிடந்தார் என்றாள். கால்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, என்னைத் தேடி வந்திருந்தாள். கையோடு கம்பி வெட்டுகிற பெரிய குறடு; பூட்டைப் பற்றி அண்ணை சொல்லியிருந்தாராம். நான் ஒன்றும் கேட்காமலே பூட்டை நறுக்கினாள். மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தாள். வெள்ளையாகக் கூழ் ஒட்டி வந்தது.

"இதை ஊற்றி உங்களை இங்கே அனுப்பினவன் யார்?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த கோபத்தை நான் மறக்கவில்லை. எங்களுக்காக அன்று கோபப்பட்டது அவள் ஒருத்திதான்.

மரியதாஸ் அண்ணையின் இடது காலில் நான்கு விரல்களை எடுத்தார்கள். என் விரல்கள் தப்பின. அவை இன்றைக்கும் குளிர்காலத்தில் நோகும்.

பலேர்மோ முற்றத்தில் பத்ரோனே எனக்கு மந்தரின் உரித்துத் தந்தார். நான் கையை நீட்டவில்லை. சுளைகளை லொறியின் பம்பரில் வரிசையாக வைத்தார்.

"பூட்டு உடைந்திருக்கிறது, மகனே. பூட்டு உடைந்திருந்தால் பொலிஸ்காரன் என்ன நினைப்பான்?"

"அதை வெட்டினது அந்தப் பண்ணைக்காரி. எஞ்சின் நின்ற பிறகு."

"நீ சொல்கிறாய். நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் நல்ல டீசலை விற்றுவிட்டு வேறெதையோ ஊற்றினீர்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பெர்மெசோ புதுப்பிக்க எப்போது போகிறாய்?"

அன்றைக்கே வேலையை விட்டேன். தொழிற்சங்கத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் வழக்கறிஞர் பண்ணைக்காரியோடு தொலைபேசியில் பேசினார். பலேர்மோ வரை வந்து சாட்சி சொல்லத் தயார் என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். வழக்கு எழும்பி நின்றது.

அப்போது பத்ரோனே வேறு வழி எடுத்தார். அல்பெர்கேரியாப் படிக்கட்டில் ஏறி மரியதாஸ் அண்ணை வீட்டுக்கு வந்தார். மனைவியும் பிள்ளைகளும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு. அண்ணையின் கட்டுப் போட்ட காலைத் தொட்டு அழுதார். இருந்துகொண்டே செய்யும் வாயிற்காவலர் வேலை, ஆயுள் முழுக்க, வருடா வருடம் பெர்மெசோவுக்குக் கையெழுத்து, எல்லாம் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ஒரே ஒரு வாக்குமூலம்: லொறிக்குள் இருக்கச் சொல்லியும் கேளாமல் தானாக இறங்கி நடந்தேன், கம்பனியில் பிழை இல்லை.

அண்ணை கையெழுத்து வைத்தார். அவருடைய மனைவி பத்ரோனேக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாவாம்.

அதைக் கேட்டதும் படியேறிப் போனேன்.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"பிள்ளையள் இப்பதான் வந்ததுகள். பெர்மெசோ இல்லாட்டி அதுகளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கை போறது?"

"இனி நான் சொல்லுறது பொய்யாப் போகும்."

"போகும் தம்பி. தெரிஞ்சுதான் வைச்சனான்."

அவரோடு கத்தினேன். படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும்.  அவர் மேல் வந்த கோபம் ஒரு வருடத்தில் போய்விட்டது. பெண்டாட்டி பிள்ளையைப் பிணை வைத்து ஒரு மனிதனிடம் அவன் காலையே எழுதி வாங்குகிற ஏற்பாட்டின் மேல் வந்த கோபம் போகவில்லை. எனக்குத் தெரிந்து எத்தனை வீடுகளில் இப்படி நடந்தது. விழுந்தவர்கள், வெந்தவர்கள், எல்லோரும் தாங்களாகவே விழுந்ததாகக் கையெழுத்து.

என் வழக்கு விழுந்தது. கொஞ்சக் காலம் ஒரு கிழவரைப் பராமரித்தேன். பிறகு இன்னொரு கம்பனி எடுத்தது. அங்கே இருந்த முதலாளி காலையிலிருந்து கத்துவார், கெட்ட வார்த்தையில்தான் வணக்கம் சொல்வார். ஆனால் முதல் குளிர் ஓட்டத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "மேலே போனதும் அந்த ஊர் டீசல் அடி, வழியில் செத்துத் தொலையாதே" என்று கத்தினார். அவரிடம்தான் ஓய்வு வரை ஓடினேன்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மார்கழியில், துறைமுகத்தில் ஜெனோவாக் கப்பலுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பழைய கம்பனியின் லொறி. ஒரு தமிழ்ப் பையன் சாரதி இருக்கையில் இருந்தான். நொண்டி நொண்டி ஒருவர் அதைச் சுற்றி வந்தார். மரியதாஸ் அண்ணை. புறப்படும் லொறிகளின் டீசல் பூட்டைத் துறைமுகம் வரை வந்து சரிபார்ப்பது காவலரின் வேலை என்று பத்ரோனே வைத்திருந்தார். அந்தக் காலோடு, அந்த வேலை. இறங்கி அவரிடம் போனேன்.

"இதைச் செய்ய உங்களுக்கு மனம் வருதோ?" என்றேன்.

அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "இழுத்துப் பார்" என்றார்.

பூட்டை இழுத்தேன். கையோடு வந்தது. பூட்டியது போலத் தெரியும், ஆனால் பிடிக்க வைக்கவில்லை. மலைக்குப் போகிற ஒவ்வொரு லொறிக்கும், பூட்டைத் தான் அழுத்துவதாகப் பத்ரோனேயிடம் சொல்லி, அவர் உள்ளே போனதும் அண்ணை இப்படித்தான் விடுகிறாராம். பையனிடமும் சொல்லி, மண்ணெண்ணெய் எங்கே வாங்குவது என்றும் சொல்லி அனுப்புவாராம்.

"பிடிபட்டா?"

"பிடிபட்டா என்ரை மற்றக் காலிலை இருக்கிறதையும் தரவேண்டியதுதான்" என்றார். சிரிக்கவில்லை.

அந்தக் கம்பனி பிறகு மூடப்பட்டது. பத்ரோனே தன் கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தார். யாரும் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறு மரியதாஸ் அண்ணை வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய மூத்த மகள் ஜெனிற்றா வந்திருந்தாள். இப்போது அவளுக்கும் பிள்ளைகள். அண்ணை ஊன்றுபொல்லில்லாமல் குசினிக்குப் போகப் பார்த்தார். அவள் பேசினாள்.

"அப்பா எப்பவும் இப்பிடித்தான். சொன்னாக் கேக்கமாட்டார், தலைக்கனம். அண்டைக்கும் லொறிக்குள்ளை இருக்கச் சொல்ல, இறங்கிப் பனிக்குள்ளை நடந்துதானே காலைக் கெடுத்தவர்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். கையெழுத்து வைத்த கதையே அந்த வீட்டின் கதையாகிவிட்டது. இத்தனை வருடம் தன் பிள்ளைகள் வாயால் முட்டாள் என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கொப்பாவுக்கு ஒருத்தரும் உள்ளுக்கை இருக்கச் சொல்லேல்லை, பிள்ளை" என்றேன். "அவர் இறங்கி நடந்தது எனக்காக. அண்டைக்கு அவர் நடக்காட்டி நான் அந்தச் சீற்றிலையே செத்திருப்பன்."

ஜெனிற்றா தகப்பனைப் பார்த்தாள். "வேரோ, பாப்பா?" என்று இத்தாலியனில் கேட்டாள், உண்மையா என்று.

 அண்ணை "ஓம்" என்றார்.

"பிறகு ஏன் எங்களுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அப்பிடித்தான் சொல்லுவன் எண்டு கையெழுத்து வைச்சனான்."

"எங்களுக்கும் சேர்த்தா வைச்சனீங்கள்?"

 அண்ணை என் பக்கம் திரும்பினார். சிவந்த கண்கள், இறுகிய தாடை. அந்த மனிதர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் முதல் முதல் பார்த்தேன்.

"சொல்லு தம்பி" என்றார். "பம்புக்காரன் சொன்னதிலை இருந்து சொல்லு. ஒண்டும் விடாதை. நாங்கள் பத்ரோனேக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பினதையும் சொல்லு."

சொன்னேன். சாப்பாடு ஆறியது. யாரும் எழும்பவில்லை.